புழற்கோட்டைக் குறும்பர்: வீழ்ந்ததோர் அரச மரபின் கதையும் வரலாறும்

முன்னுரை

தமிழகத்தில் ஆண்டு வீழ்ந்த அரச மரபுகள் பல. அவற்றுட் சில கல்லிலும் செம்பிலும் தம் பெயரைப் பொறித்துவிட்டுச் சென்றுள்ளன. படைவீட்டை இருக்கையாகக் கொண்டு ஆண்ட சம்புவராயர் பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர இளவரசன் குமார கம்பணனிடம் தோற்றனர். அவர்களுடைய கல்வெட்டுக்கள் தொண்டை நாட்டுக் கோயில்கள் பலவற்றில் உள்ளன. அவர்களது வீழ்ச்சியைக் கம்பணனின் தேவியாகிய கங்காதேவி மதுரா விசயம் என்னும் வடமொழிக் காவியத்திற் பாடியுள்ளார். இங்ஙனம் தோற்றோர் கூற்றும் வென்றோர் கூற்றும் ஒருங்கே கிடைத்தலின், ஒன்றனை மற்றொன்றால் அளந்து உண்மை காணுதல் ஆராய்ச்சியாளர்க்கு இயல்வதாகின்றது.

இதற்கு மாறான நிலையில் உள்ளது புழற்கோட்டைக் குறும்பர் வரலாறு. சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் விரிந்து செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட நிலப்பரப்பைக் குறும்பர் என்னும் அரசர் ஒரு காலத்தில் ஆண்டனர் என்றும், ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவர்களை அழித்து நாட்டைக் கைக்கொண்டான் என்றும் வழிவழியாகக் கூறப்படுகின்றது. இந்நிலப்பரப்பிற் பெரும்பகுதி 1997-இல் செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிந்து திருவள்ளூர் மாவட்டமாயிற்று. புழல் இன்று சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அடங்கியுள்ளது. இம்மரபினர் பெயரால் வெட்டப்பெற்ற கல்வெட்டோ செப்பேடோ காசோ நமக்குக் கிடைத்திலது. அவர்களைப் பற்றி நாம் அறிவன யாவும் அவர்களை வென்றோர் வழியினர் கூறியனவே.

எனவே இவ்வரச மரபு மெய்யாகவே இருந்ததா, அன்றிக் கதையுலகில் மட்டும் வாழ்ந்ததா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்கு விடை காண முயல்வதோடு, இக்கதை யாரால், எதன் பொருட்டுப் போற்றப்பட்டது என்பதனையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கதையின் வடிவம்

இக்கதை விரிவாகக் காணப்படுவது காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் ஆகும். 1754-இற் பிறந்து 1821-இல் மறைந்த மெக்கன்சி நில அளவைத் துறையிற் பணிபுரிந்து, 1815-இல் இந்திய நில அளவைத் தலைவரானவர். ஊர்தோறும் உதவியாளர்களை அனுப்பி அவர் திரட்டிய வாய்மொழி வரலாறுகளின் பெரும்பகுதி சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இடம்பெற்றுள்ளது. அவற்றுட் குறும்பர் பற்றியவற்றை எடுத்து ஆண்டவருள் குறிப்பிடத்தக்கவர் குசுதவ் ஆப்பர்ட்டு. இந்தியாவின் ஆதிக்குடிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1893-இல் வெளிவந்தது.

கதையின் சுருக்கம் வருமாறு: தொண்டை மண்டலம் முன்னர் அடர்ந்த காடாயிருந்தது, குறும்ப பூமி என வழங்கிற்று. குறும்பர் அங்குக் குடியேறிக் காவல் சூழ்ந்த 24 கோட்டைகளை அமைத்தனர். அவற்றுள் தலைமையானது புழல். அவர்களுக்குத் தலைவனாயினான் கமண்டக் குறும்பப் பிரபு என்பவன். ஆடு மேய்த்தலும் கம்பளம் நெய்தலும் அவர்தம் தொழில்கள். கடல் வாணிகமும் அவர்களுக்கு இருந்தது. சமண முனிவர் ஒருவர் வந்து அவர்களைத் தம் சமயத்திற் சேர்த்தார். புழலில் சமணக் கோயில் எழுந்தது. பின்னர்ச் சோழன் மகனாகிய ஆதொண்டை படையெடுத்து வந்தான். முதற் போரில் அவன் தோற்றுப் பின்வாங்கினான். அவன் தங்கிய இடம் சோழன்பேடு எனப் பெயர் பெற்றது. சிவபெருமான் அருளால் மறுநாள் வென்று, குறும்பத் தலைவனைக் கொன்று, புழற்கோட்டையின் வெண்கலக் கதவுகளைத் தஞ்சைக் கோயிலுக்கு அனுப்பினான். காட்டை வெட்டித் திருத்தி, சோழ நாடு, துளு நாடு முதலிய இடங்களினின்றும் வேளாளரைக் கொணர்ந்து குடியேற்றினான்.

திருமுல்லைவாயிற் கோயிலின் தல வரலாறு இக்கதையையே வேறொரு முகத்தாற் கூறுகின்றது. ஓணன், வாணன் என்னும் குறும்பத் தலைவர்மேற் படையெடுத்துச் சென்ற தொண்டைமானின் யானைக்கால் முல்லைக்கொடியிற் சிக்கிற்று. யானைமேலிருந்தவாறே அவன் கொடிகளை வாளால் வெட்ட, அவற்றின் கீழ் மறைந்திருந்த சிவலிங்கத்தின்மேல் வெட்டுப்பட்டுக் குருதி பெருகியது. தான் செய்த பிழைக்கு வருந்தித் தன் தலையைத் துணிக்க முற்பட்ட அரசனை இறைவன் தடுத்தாட்கொண்டு, நந்தியைத் துணையாக அனுப்பி வெற்றி தந்தான். இதனாலேயே அக்கோயில் நந்தி இறைவனை நோக்காது எதிர்ப்புறம் நோக்கியிருக்கின்றது என்பர். வெட்டுண்ட இலிங்கத் திருமேனிக்குச் சந்தனக் காப்பிடும் வழக்கமும் அங்கு உண்டு. கருவறை முன்னுள்ள இரண்டு எருக்கந் தூண்கள் குறும்பர் கோட்டையினின்று கொணரப்பட்டவை எனக் கூறப்படுகின்றன.

2. பதிகம் தரும் சான்று

மேற்கூறிய இரு வடிவங்களும் எழுத்துருப் பெற்ற காலத்தாற் பிந்தியவை. ஆயின் முல்லைக்கொடி பற்றிய செய்தி மிகத் தொன்மையானது என்பதற்குச் சான்று உண்டு. எட்டாம் நூற்றாண்டினர் எனப் பலரும் கொள்ளும் சுந்தரமூர்த்தி நாயனார் வட திருமுல்லைவாயிலைப் பாடிய பதிகத்தின் ஒரு பாட்டில், தொண்டைமானுடைய களிற்றை முல்லைக்கொடியாற் பிணித்து, அவன் இன்பம் பெறுமாறு இறைவன் வெளிப்பட்டருளிய செய்தி கூறப்பட்டுள்ளது. சீகாழிக்கு அண்மையிலுள்ள தென் திருமுல்லைவாயில் வேறு; சம்பந்தர் பாடியது அதனையே. இரண்டனையும் மயங்கக் கொள்ளுதல் கூடாது.

சுந்தரர் வாக்கினைக் கதையோடு ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். பதிகத்தில் தொண்டைமான் உளன், களிறு உண்டு, முல்லை உண்டு, இறைவன் வெளிப்பாடும் உண்டு. ஆயின் குறும்பர் இலர், ஓணனும் வாணனும் இலர், புழற்கோட்டையும் இன்று. தொண்டைமான் எங்குச் சென்றான், யாரொடு பொருதான் என்பன சுட்டப்படவில்லை.

பாடாமையினாலேயே அக்காலத்துக் குறும்பர் கதை இல்லை எனத் துணிதல் பொருந்தாது. இறைவன் அருளைப் பாடுவதே பதிகத்தின் நோக்கமாதலின் பகைவர் பெயரைக் கூற வேண்டிய இன்றியமையாமை ஆசிரியர்க்கு இல்லை. எனினும் கிடைத்த சான்றுகளுள் மிகப் பழையதில் வென்றவன் மட்டுமே இருக்கின்றான், தோற்றவன் இல்லை என்பது மனங்கொளத் தக்கது. கதையின் கருவாகத் தோன்றுவது தொண்டைமானும் முல்லைக்கொடியுமே. குறும்பர் அதனோடு எப்போது இணைந்தனர் என்பதற்கு வேறு சான்றுகளை நாடல் வேண்டும்.

3. கால முரண்

ஆதொண்டை குலோத்துங்க சோழனுடைய மகன் என்பது மெக்கன்சி சுவடிகளிற் காணும் மரபு. முதற் குலோத்துங்கன் 1070-இல் அரியணை ஏறியவன். இம்மரபினை அவ்வாறே ஏற்பின் மூன்று தடைகள் எழும்.

முதலாவது, மேலே காட்டிய பதிகம். குலோத்துங்கனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட சுந்தரர் தொண்டைமானை அறிந்திருந்தார். அவருக்கும் நெடுங்காலம் முன்னரே தொண்டைமான் இளந்திரையன் பெரும்பாணாற்றுப்படைக்குத் தலைவனாயினான்.

இரண்டாவது, கோட்டப் பகுப்பு. தொண்டை நாடு 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தமை யாவரும் அறிந்தது. புழற்கோட்டம் அவற்றுள் ஒன்று. திருவொற்றியூர் அதனைச் சார்ந்ததெனச் சோழர் கல்வெட்டுக்கள் கூறும். திருவள்ளூரை அடுத்த ஈக்காடு மற்றொரு கோட்டத்திற்குப் பெயர் தந்தது. இக்கோட்டப் பெயர்கள் சோழர் ஆட்சியிற் புதிதாகத் தோன்றியவை அல்ல. பல்லவ சிம்மவர்மனுடைய பள்ளன்கோயிற் செப்பேடு, வெண்குன்றக் கோட்டத்துப் பெருநகர நாட்டிலுள்ள ஊரொன்றைப் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி என்னும் சமண முனிவர்க்கு அளித்தமையைக் கூறுகின்றது. அதன் செய்தி ஆறாம் நூற்றாண்டினது. எழுத்தமைதி நோக்கி அதனைப் பிற்காலப் படியெனக் கொள்வாரும் உளர். அங்ஙனம் கொள்ளினும் அது பல்லவர் காலத்தினும் கீழே இறங்காது. ஆகவே கோட்டங்கள் குலோத்துங்கனுக்கு மட்டுமன்று, விசயாலயனுக்கும் முற்பட்டவை.

மூன்றாவது, சோழர் தொண்டை நாட்டைக் கொண்ட வரலாறு தெளிவாக அறியப்பட்டுள்ளது. முதலாம் ஆதித்தன் பல்லவன் அபராசிதனை வென்று அந்நாட்டைக் கைக்கொண்டான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடுகளால் விளங்கும். 1905-இற் கண்டெடுக்கப்பட்ட இச்செப்பேடுகள் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் செல்வம் என்பது குறிப்பிடத்தக்கது. இது நிகழ்ந்தது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். பின்னர் முதலாம் இராசராசன் காலத்தில் தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. இவ்வரலாற்றில் சோழர் வென்றது பல்லவரையே, குறும்பரை அன்று.

அங்ஙனமாயின் குலோத்துங்கன் பெயர் கதையுட் புகுந்தது எவ்வாறு? அவனுடைய படைத்தலைவருட் சிறந்தவன் கருணாகரத் தொண்டைமான். கலிங்கப் போரில் அவன் பெற்ற வெற்றியைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். குலோத்துங்கன் என்னும் பெயரும் தொண்டைமான் என்னும் பெயரும் அவ்விலக்கியத்தால் மக்கள் நினைவில் ஒருங்கு நின்றன. பழைய தொண்டைமான் கதை பின்னாளிற் குலோத்துங்கனைச் சார்ந்து நின்றமைக்கு இது காரணமாகலாம் என்பது எம் கருத்து.

4. நாகர் மகளும் கொடியும்

ஆதொண்டையின் பிறப்புக் கதையும் ஆராயத்தக்கது. ஆதொண்டை என்பது ஒரு கொடியின் பெயர், தொண்டையும் அத்தகையதே. அவன் சோழனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்தவன் எனக் கூறுவாரும் உளர். பெரும்பாணாற்றுப்படைக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர், நாக கன்னியைக் கூடிய சோழன் மகன் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கொண்டு கடல் திரையால் தரப்பட்டமையின் திரையன் எனப்பட்டான் என்னும் வரலாற்றைத் தருகின்றார். மணிமேகலையிற் பீலிவளை என்னும் நாகர் மகள் ஈன்ற சோழன் மகன் கலம் கவிழ்ந்து கடலிற் காணாமற் போகின்றான். வேலூர்ப்பாளையம் செப்பேட்டில் பல்லவர் முன்னோனாகிய வீரகூர்ச்சன் நாகர் கோமான் மகளோடு அரசுரிமையையும் பெற்றான் எனக் கூறப்பட்டுள்ளது.

இவையனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. வெளியிலிருந்து வந்தவன் நிலத்திற்கு உரியவளை மணத்தலாலோ அவள் வயிற்றிற் பிறத்தலாலோ நிலத்திற்கு உரியவனாகின்றான். வாளால் வென்றமை மட்டும் உரிமைக்குப் போதாது. முன்னிருந்தாரோடு ஏதேனும் ஓர் உறவு வேண்டும் என்னும் கருத்து இதன் உள்ளீடாகும். ஆதொண்டை கதையில் இவ்வுறவோடு போரும் சேர்ந்திருக்கின்றது. தாய் வழியால் அவன் நிலத்திற்கு உரியன்; வாளினால் அதனை எடுத்துக்கொண்டவனும் அவனே.

5. குறும்பு என்னும் சொல்

குறும்பர் யாவர் என அறிதற்குச் சொல் ஓரளவு துணை செய்யும். குறும்பு என்பது சிற்றரண் என்னும் பொருளிற் பழைய இலக்கியங்களிற் பயின்று வருகின்றது. குறுநில மன்னர் என்னும் பொருளும் அதற்கு உண்டு. பாலை நிலத்து ஊருக்கும் குறும்பு என்பதே பெயர் எனக் கருப்பொருள் கூறும் நூல்கள் உரைக்கும். பேரரசின் ஆணைக்கு எளிதில் அடங்காது, காட்டரணிற் குடியிருந்து, கால்நடையைச் செல்வமாகக் கொண்டு வாழ்ந்த தலைவர் பலர்க்கும் இச்சொல் பொதுவாக வழங்கியிருத்தல் கூடும். குறும்பாடு என்னும் ஆட்டினத்தின் பெயரும், கம்பளம் நெய்யும் குறும்பர் குடிகளும், கன்னட நாட்டுக் குருபரும் இச்சொல்லோடு சார்த்தி எண்ணப்படுவர். இவர்கள் யாவரும் ஒரே குடியினர் எனக் கூறுதற்கு ஆதாரம் போதாது.

இதனாற் போதருவது யாதெனின், குறும்பர் என்பது முதலில் ஒரு குலத்தின் பெயராக அன்றி ஒரு வாழ்நிலையின் பெயராக இருந்திருத்தல் கூடும் என்பதாம். அங்ஙனமாயின் புழலிலும் பிறவிடங்களிலும் இருந்த சிற்றரண்களின் தலைவர்கள் பலர், பல காலத்தவர், பிற்கால நினைவில் ஒரே மரபாகத் தொகுக்கப்பட்டனர் எனக் கொள்ளலாம். கதை கூறும் 24 என்னும் எண்ணும் இத்தொகுப்பையே காட்டுகின்றது. ஆட்சிப் பிரிவாகிய 24 கோட்டங்கள் முன்னரே நிலைபெற்றுவிட்டன. கோட்டம் என்னும் பெயரைக் கோட்டை எனப் பொருள் கொண்டு, கோட்டைக்கு ஒரு குறும்பனாக வைத்துக் கதை அமைந்தது போலும்.

வாணன் என்னும் பெயர் இவ்வாறே கருதத்தக்கது. வாணர் என்பார் தொண்டை நாட்டின் மேற்கெல்லையில் ஆண்ட மெய்யான அரச குடியினர். முதற் பராந்தக சோழன் அவர்களை வென்று வாணாதிராசன் என்னும் பட்டத்தைக் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்கு அளித்தமையை உதயேந்திரம் செப்பேடு கூறும். அவ்வாணர் நினைவு முல்லைவாயிற் கதையில் ஒரு பெயராக எஞ்சியதோ என ஐயுற இடமுண்டு. ஐயம் என்பதற்கு மேல் இதனை வற்புறுத்துதற்கில்லை.

குறும்பரைச் சமணராகக் கூறும் பகுதியும் எச்சரிக்கையோடு கொள்ளற்பாலது. புழலில் ஆதிநாதர் கோயில் இருப்பது உண்மை. ஆயின் பள்ளன்கோயிற் செப்பேடு காட்டுவதுபோல, சமணத்திற்கு நிலம் அளித்தவருட் பல்லவ வேந்தரும் அடங்குவர். சமணம் குறும்பர்க்கே உரிய அடையாளம் அன்று. தோற்றோரைப் புறச்சமயத்தாராகக் காட்டுதல் தல வரலாறுகளிற் பெருவழக்கு என்பதனை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

6. இருவகை முடிவு

குறும்பர் அழிந்த வகையிலும் கதைகள் தம்முள் மாறுபடுகின்றன. மேற்கூறியது போர்க்களத்து முடிவு. மெக்கன்சி சுவடிகளில் மற்றொரு முடிவும் உண்டு. அதன்படி, ஆதொண்டையின் வெற்றிக்குப் பின்னும் குறும்பர் சிலர் ஓரிடத்தில் வலிமையோடு இருந்து, தம்மை வணங்குமாறு வேளாளரைக் கட்டாயப்படுத்தினர். வேளாளர் மயிர்வினைஞரோடு கூடிச் சூழ்ந்து, இறந்தோர்க்குச் செய்யும் சடங்கின்போது மழிக்கப்படுவதற்குத் தலைகுனிந்த குறும்பர் அனைவரையும் கொல்வித்தனர்.

வெற்றியைப் பாடும் கதை தன்னுள் இத்தகைய வஞ்சனையையும் மறைக்காது வைத்திருத்தல் வியப்பிற்குரியது. ஒரே போரில் முற்றும் அழிந்த மரபினரை மீண்டும் ஒருமுறை வஞ்சனையால் அழிக்க வேண்டியதில்லை. ஆகவே குறும்பர் வீழ்ச்சி ஒரு நாளில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அன்று. ஊர்தோறும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வகையில், காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் வாழ்ந்தோரிடமிருந்து நிலம் உழுகுடிகளின் கைக்கு மாறிய நெடிய வரலாறே ஓர் அரச மரபின் வீழ்ச்சியாகச் சுருக்கிக் கூறப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கதையில் வரும் செடிகொடிகளும் இதற்குத் துணையாகும். முல்லை, எருக்கு, ஆதொண்டை ஆகிய மூன்றும் உழவு படாத நிலத்தில் தாமே வளர்வன. முல்லை மேய்ச்சல் நிலத்தின் பெயராகவே அமைந்தது. புழல், செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளோ ஏரிகளால் வளம் பெற்ற நிலங்கள். காட்டை அழித்தலும் குளம் தோண்டுதலும் அரசன் கடமையெனப் பட்டினப்பாலை முதலாகத் தமிழ் இலக்கியம் பாராட்டி வந்துள்ளது. முல்லைவாயிற் கதையில் மட்டும் கொடியை வெட்டிய வாள் இறைவன் மேனியிற் படுகின்றது. வெட்டியவன் தன் தலையைத் துணிக்க எழுகின்றான். காட்டை அழித்ததில் ஒரு பிழையும் உண்டு என்னும் உணர்வு அங்கு நிற்கின்றது. எருக்கு குறுஞ்செடியாதலின் தூணாகும் அளவு பருத்தல் அரிது. அத்தூண்கள் எம்மரத்தாலானவை என்பதினும், அவற்றை எருக்கு எனவும் தோற்றோர் கோட்டையின் எச்சம் எனவும் கூறி வரும் மரபே நமக்கு இன்றியமையாதது.

7. காணியாட்சியும் கதையும்

இனி, இக்கதை எழுத்தில் ஏறிய காலத்தின் நிலையைக் காண்போம். ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சாகீரைக் கிழக்கிந்தியக் குழுமத்திற்கு அளித்தது 1763-இல். இலயனல் பிளேசு 1794 முதல் 1798 வரை அதன் ஆட்சியராயிருந்தபோது, நிலம் யாருக்குரியது என்பது பெரும் பூசலாயிற்று. ஊர் நிலத்தில் வழிவழி உரிமை கொண்டாடிய காணியாளர் விளைந்த நிலத்தின்மேல் மட்டுமன்றித் தரிசின்மேலும் தமக்கு உரிமை உண்டென்றனர். காணியாட்சி எனத் தமிழிலும் மிராசு எனப் பிறமொழிச் சொல்லாலும் வழங்கிய அவ்வுரிமையைப் பற்றி வருவாய்த் துறையினர் 17 வினாக்களை விடுத்தனர். அவற்றிற்குச் சங்கரையர் எழுதிய விடைகளும், சென்னை ஆட்சியராயிருந்த எல்லிசு எழுதிய விளக்கங்களும் 1818-இல் அச்சாயின. திருக்குறளுக்கு உரை எழுதியும், திராவிட மொழிகளின் உறவினை முதன்முதல் எடுத்துக் காட்டியும் தமிழுலகின் மதிப்பைப் பெற்றவர் அவ்வெல்லிசே. ஆதொண்டை குறும்பரை வென்று வேளாளரைக் குடியேற்றிய மரபு அந்நூலில் காணியாட்சியின் தோற்றத்தை விளக்கும் செய்தியாக இடம்பெற்றது.

ஆகவே மெக்கன்சியின் உதவியாளர் ஊர்தோறும் சென்று கதை கேட்ட காலமும், நிலவுரிமை பற்றிய விசாரணை நடந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. கேட்போர் அரசினர், சொல்வோர் பெரும்பாலும் ஊர்ப்பெருமக்கள். காட்டைத் திருத்தி வயலாக்கியவர் எம் முன்னோர், அதன் பொருட்டு அரசன் இந்நிலத்தை எமக்கு அளித்தான் என்பது அச்சூழலில் வெறும் கதையன்று, உரிமைச் சான்று. கதை அப்போது புனையப்பட்டது என நாம் கூறவில்லை. அது முன்னரே வழங்கியது. அதற்கு ஆவணத்தின் தகுதி கிடைத்தது அப்போதுதான் என்பதே கூறற்பாலது.

இதன் விளைவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை நீண்டது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹியர் 1891-இல் பறையர் குடிகளின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில், தரிசு நிலத்தைத் தாழ்த்தப்பட்டோர் பெறுவதற்கு மிராசுரிமை தடையாய் நிற்றலை எடுத்துக் காட்டினார். அதனைத் தொடர்ந்து 1892-இற் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வழிகோலியது. முதலில் வந்தவர் யார் என்னும் வினா புலவர் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதாயிருந்திலது. உழுதவன் ஒருவன் ஒரு காணி நிலம் பெறுவதும் பெறாமையும் அதனைச் சார்ந்திருந்தன.

8. மண்ணின் சான்று

ஆதொண்டைக்கு முன் இந்நிலம் வெறுங்காடாயிருந்தது என்னும் கூற்றை மண் ஏற்கவில்லை. கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட்டு புரூசு ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இற் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டனர். அங்குப் பின்னர் நடந்த அகழாய்வின் பயனாக, அக்கருவிகளுட் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் அறிவிக்கப்பட்டது. திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் 2015-16-இற் தமிழ்நாடு தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வு உறைகிணறு முதலியவற்றை வெளிப்படுத்திற்று. ஊராக அமைந்து நீர்நிலை வகுத்து வாழ்ந்த மக்கள் சோழர்க்கு நெடுங்காலம் முன்னரே இங்கு இருந்தனர் என்பது இதனால் உறுதியாகும்.

புழலில் கோட்டை மேட்டின் சுவடுகள் இருந்தமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் குறிக்கின்றன. இன்று புழல் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரும் பெருநீர்த்தேக்கம். கரையைச் சூழ்ந்து நகர் பெருகியுள்ளது. வடக்கே கும்மிடிப்பூண்டியிற் சிப்காட்டுத் தொழிற்பேட்டையும், அதனைச் சார்ந்த ஆலைகளும் பண்டகசாலைகளும் பரந்துள்ளன. ஏரிக்கரையும் மேடும் மட்டமாக்கப்படும்போது, குறும்பரைப் பற்றித் தோற்றோர் பக்கத்தினின்று கிடைக்கக்கூடிய ஒரே சான்றும் அழிந்துபடும். எழுத்தில்லாத மக்களுக்கு மண்ணே செப்பேடு. இப்பகுதியின் மேடுகளையும் பழைய ஏரிகளையும் ஊர்ப்பெயர்களையும் முறையாக அளந்து பதிவு செய்தல், தமிழ்த்துறை மாணாக்கரும் தொல்லியல் மாணாக்கரும் ஒருங்கு கூடி உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: புழலிலிருந்து 24 கோட்டங்களை ஆண்ட ஒரு குறும்ப அரச மரபு இருந்தது எனக் கூறுதற்குச் சான்று இல்லை. தொண்டைமானும் முல்லைக்கொடியும் பற்றிய கதைக்கரு சுந்தரர் காலத்திற்கு முற்பட்டது. அதிற் குறும்பர் காணப்படவில்லை. கோட்டப் பகுப்பு பல்லவர் காலத்தது. குறும்பர் என்பது சிற்றரண் தலைவர் பலரையும் மேய்ச்சற் குடிகளையும் சுட்டிய பொதுப்பெயராகலாம். அவர்களிடமிருந்து நிலம் கைமாறிய நெடு வரலாறு, ஆதொண்டை என்னும் ஒருவன் செயலாகவும், ஓர் அரச மரபின் வீழ்ச்சியாகவும் வடிவு கொண்டது. அவ்வடிவத்தைக் காணியாட்சி பற்றிய வழக்கு ஆவணமாக்கியது.

ஆயினும் ஒன்று கூறி முடித்தல் தகும். தம் உரிமையை நிறுவ விரும்பியோர், நிலம் முன்னர் யாருக்கும் உரியதாயிருந்திலது எனக் கூறியிருக்கலாம். அவ்வாறு அவர்கள் கூறவில்லை. வென்று பெற்றோம் எனக் கூறியமையின், வெல்லப்பட்டோரையும் கூற வேண்டியவராயினர். கமண்டக் குறும்பப் பிரபு என்னும் பெயரும், வெண்கலக் கதவும், எருக்கந் தூணும், சடங்கிற் குனிந்த தலைகளும் அக்காரணத்தாலேயே நம் காலம் வரை வந்துள்ளன. அரசராக அவர்கள் இருந்தமையை நாம் மெய்ப்பிக்க இயலாது. எனினும் உழவர் வருமுன் இந்நிலத்தில் வாழ்ந்து இதனை இழந்த மக்கள் இருந்தனர் என்பதனை அவர்களை வென்றோர் வழியினரே ஒப்புக்கொண்டுள்ளனர்.